‘ஜாக்’ மரத்துக்குப் பெயர் வைத்த ஜாக் யார்? பலா, சக்கை, பனசம்: பெயர்ப்பலகைக்கு விவரம் தேவை

கெடிலக்கரை கேட்டது:

கடலூரில் ஒரு பள்ளி வளாகத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலை நடக்கிறது. தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தாவரவியல் பெயர், அதற்குக் கீழே ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று இரண்டு வரி. வேம்பு, புளி எல்லாம் முடிந்தது. பலாவில் வந்து நிற்கிறது.

மூன்று விளக்கம் கைக்கு வந்திருக்கிறது. ஒன்று, வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் பெயரை மரத்துக்கு வைத்துவிட்டார்கள் என்பது. இரண்டாவது, நம்ம ‘சக்கை’தான் ஆங்கிலத்தில் ஜாக் ஆனது என்பது. மூன்றாவது, அது போர்த்துகீசியச் சொல் என்பது. எது சரி? பலா என்ற சொல்லுக்கும் ஜாக்குக்கும் உறவு உண்டா?

பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலாவுக்குத் தப்பான பலகை வைத்தால் நன்றாக இருக்காது. முந்திரி, சவுக்கு, தேக்கு மூன்றும் வளாகத்தில் இருக்கின்றன, தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

---

சொல்வேர் (புதுச்சேரி):

முதல் விளக்கத்தை அழித்துவிடுங்கள். வில்லியம் ஜாக் பிறந்தது 1795, இறந்தது 1822. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், வங்காளத்திலும் சுமத்திராவிலும் இருந்தவர், எல்லாம் உண்மை. ஆனால் ஜான் ஃப்ரையர் என்ற ஆங்கில மருத்துவர் 1698இல் அச்சிட்ட பயண நூலில், சென்னைக்கு வெளியே தென்னை, கொய்யாவோடு இந்தப் பழத்தையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். முள்ளம்பன்றி மாதிரி கவசம் போட்ட கனத்த பழம் என்கிறார். அவர் போட்ட எழுத்து ஜே, ஏ, டபிள்யூ, கே, எஸ். அதாவது ‘ஜாக்ஸ்’. தாவரவியலாளர் பிறப்பதற்கு 97 வருடம் முன்பே பெயர் அச்சில் இருக்கிறது. மரப்பெயர் ஆராய்ச்சியில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதிக் கணக்குதான். முக்கால்வாசிக் கதை இதிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது பாதி சரி, மூன்றாவதும் பாதி சரி. இரண்டையும் ஒட்டவைத்தால் முழுசாகும்.

மூலச்சொல் மலையாளத்தில் பழத்துக்கு உள்ள பெயர்: சக்க. முதல் எழுத்தை ‘ச்ச’ என்று அழுத்தித்தான் சொல்வார்கள், ‘ஸ’ அல்ல. போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. அவர்கள் வாயில் அது ‘ஜாக்கா’ ஆனது. கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1563இல் கோவாவில் அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் இந்தப் பழத்துக்கு மலபாரில் ஜாக்கா என்று பெயர், கொங்கணப் பக்கமும் குஜராத்திலும் பனாஸ் என்று பெயர் எனப் பிரித்தே சொல்கிறார். கொட்டையைச் சுட்டால் செஸ்ட்நட் மாதிரி இருக்கும், சுளை முலாம்பழம் மாதிரி, ஆனால் நல்ல முலாம்பழத்துக்கு ஈடாகாது, செரிக்காது என்று ஒரு குறையும் சொல்லி வைத்திருக்கிறார். (அவருக்கு வாய்த்தது சுளை குழைந்து வழுக்கும் வெறும் கூழன் ரகமாக இருந்திருக்கும், பாவம்.)

ஆங்கிலேயர் அந்த ஜாக்காவை எடுத்துக் கடைசி ஆகாரத்தை விட்டுவிட்டார்கள். மிச்சம் ‘ஜாக்’. ஏற்கெனவே அவர்கள் ஊரில் ஆயிரம் பையன்களுக்கு இருந்த பெயர் அது, அதனால் எழுத்தும் அந்த ஆள்பெயரின் எழுத்தாகவே ஒட்டிக்கொண்டது. அந்நியச் சொல் தெரிந்த சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்ட கதை. அதன்பிறகு வெறும் ஜாக் என்றால் குழப்பம் என்பதால் பழம் என்ற சொல் பின்னால் சேர்ந்தது. இலங்கை ஆங்கிலத்தில் நடுவில் உள்ள சி-யை விட்டு ஜே, ஏ, கே என்றே எழுதுவார்கள். அது தப்பு இல்லை, திருத்தப் போகாதீர்கள்.

பிரெஞ்சிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. பழம் ‘ஜாக்’, மரம் ‘ஜாக்கியே’. மரத்தின் பெயரை எழுதிப் பார்த்தால் ஜாக் என்ற பிரெஞ்சு ஆள்பெயரின் சாயல் அப்படியே தெரியும். இங்கே புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பத்திரம் பார்க்கிறவர்கள் இதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தாண்டிப்போவது உண்டு.

---

வண்டிப்பாளையம் எழுதியது:

ஏன் மலையாளம் என்று கொடுக்க வேண்டும்? சக்கை தமிழ்ச்சொல்தானே. கரும்புச்சக்கை, பலாச்சக்கை எல்லாம் நம்ம வீட்டில் தினமும் புழங்கும் வார்த்தை. ‘தமிழ் சக்கையிலிருந்து’ என்று எழுதினால் என்ன தப்பு?

---

சொல்வேர்:

அண்ணே, பொருளைப் பாருங்க. நம்ம பக்கம் பழத்தை அறுத்துச் சுளையை எடுத்தபிறகு மாட்டுக்குப் போடுகிற மிச்சம்தான் சக்கை. பழத்தையே சக்கை என்று சொல்வது மலையாளமும், அதை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத் தமிழும்தான். பண்ருட்டி மண்டியில் போய் “ஒரு சக்கை என்ன விலை” என்று கேட்டால் மாடு வைத்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஒலியும் இடிக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் அது ‘ஸக்கை’. ஸ-வைக் கேட்ட போர்த்துகீசியன் ஜ என்று எழுத மாட்டான்.

இதைவிடப் பலமான சான்று இடம். போர்த்துகீசியருக்கு முன்னால் 14ஆம் நூற்றாண்டில் மூன்று பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். கொல்லத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்தானுஸ் லத்தீனில் ‘சாக்கி’ என்கிறார். கொல்லத்தில் தங்கிய இத்தாலியத் துறவி மரிஞொல்லி ‘சாக்கே’ என்கிறார். மலபார் வழியாகப் போன இப்னு பதூதா அரபியில் ‘ஷக்கி’ என்றும் ‘பர்க்கி’ என்றும் இரண்டு பெயர் தருகிறார். மூன்று பேரும் அந்தப் பக்கம் போனவர்கள்.

இப்னு பதூதாவின் எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அரபியில் ‘ச்ச’ ஒலி கிடையாது, அதற்குப் பக்கத்தில் உள்ள ‘ஷ’வைப் போடுவார்கள். ‘வ’ என்று நாம் பல்லும் உதடும் சேர்த்துச் சொல்வதற்கும் எழுத்து இல்லை, அது ‘ப’ ஆகும். திருப்பிப் போட்டால் ஷக்கி = சக்க, பர்க்கி = வரிக்க. வரிக்க என்பது நம்ம வருக்கைப் பலா, சுளை விறைப்பாக இருக்கும் ரகம். 14ஆம் நூற்றாண்டில் ஒரு மொராக்கோக்காரர் காதில் விழுந்த ரகப்பெயர் இன்றைக்கும் தென்காசிப் பக்கம் புழக்கத்தில் இருக்கிறது.

---

பாகூர்_ஏரி:

அந்த வருக்கை விஷயத்தில் ஒரு சுவையான இடம் உண்டு. இப்னு பதூதா, தரையை ஒட்டிக் காய்ப்பது பர்க்கி, அதுதான் இனிப்பு. மேலே காய்ப்பது ஷக்கி என்கிறார். உண்மையில் வருக்கை, கூழன் என்பது மரத்தின் சாதி; காய் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே மரத்தில் மேலே கூழனும் கீழே வருக்கையும் காய்க்காது. சுளையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக நின்று, வளைத்தால் சட்டென்று ஒடிந்தால் வருக்கை. விரல் உள்ளே போய் நார் நாராக வழுக்கினால் கூழன். கூழன் பழுத்தால் கத்தி வேண்டாம், கையாலேயே பிளக்கலாம். ஓர்த்தா செரிக்காது என்றதைச் சொல்வேர் கூழன் தலையில் கட்டியது கொஞ்சம் அநியாயம்; வருக்கையும் நிறையத் தின்றால் அதே கதைதான்.

ஆனால் வேரடிப் பழம்தான் ருசி என்ற பேச்சு அவர் இட்டுக்கட்டியது இல்லை. நம்ம வேர்ப்பலா நம்பிக்கை அது. குறுந்தொகை 18இல் கபிலர் ‘வேர்க்கோட் பலவின் சாரல் நாட’ என்கிறார். வேரில் காய் கொண்ட பலா. அதே பாட்டில் சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவதும் வருகிறது.

நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டில் உள்ள ‘பலவு’ என்ற வடிவத்தைப் பற்றி. ஜாக்குக்கும் பலாவுக்கும் சொல்லுறவு கிடையாது. பலாவின் சொந்தக்காரர்கள் வேறு.

தமிழில் பலா, பலவு. மலையாளத்தில் மரத்துக்குப் பிலாவு, ப்லாவு. கவனிங்க, பழம் சக்க, மரம் ப்லாவு. இரண்டு வம்சமும் மலையாளத்தில் ஒரே மரத்தில் சேர்ந்திருக்கிறது. கப்பலேறிப் போனது பழத்தின் பெயர் மட்டும். துளுவில் பெல. கன்னடத்தில் பழைய வடிவம் பலசு, இப்போது ஹலசு. கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் ‘ப’ இடைக்காலத்தில் ‘ஹ’ ஆனது: பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி. அதே வாய்பாடுதான். கடைசியில் உள்ள ‘சு’ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கன்னடத்தில் ‘ச’ நிற்கும் இடத்தில் தமிழ் அதை ‘ய’ ஆக்கும் அல்லது கரைத்துவிடும்: உசிரு – உயிர், ஹெசரு – பெயர். பலசு – பலவு அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியது.

தெலுங்கில் பனச. சமஸ்கிருதத்தில் பனஸ, அதிலிருந்து மராத்தி ஃபணஸ். ஓர்த்தா கேட்ட பனாஸ் இந்தக் கிளைதான். ல–ன மாற்றத்தை வைத்துச் சமஸ்கிருதச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று திராவிட மொழியியலில் பரோ போன்றவர்கள் கொண்டார்கள். பலா தென்னாட்டு மலைக்காட்டு மரம் என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஹிந்தியின் கடஹல் இதில் சேராது, அது ‘முள்பழம்’ என்ற பொருளில் வந்த வேறு சொல். சிங்களத்தின் கொஸ், மலாயின் நங்கா, வியட்நாமின் மித் எல்லாம் தனித்தனி வீடு.

பலகை எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் குழி இரண்டு. பலாசம் என்று பழைய நூலில் பார்த்தால் பலா என்று நினைக்க வேண்டாம். அது புரசு, கோடையில் இலை உதிர்த்துச் செம்பூ பூப்பது. அடுத்தது ஜகரந்தா. முதல் பாதி ‘ஜாக்கா’ மாதிரி இருக்கிறது என்று சேர்த்துவிடுகிறார்கள். அது தென்னமெரிக்கத் தூப்பி–குவரானிச் சொல். ஊதாப் பூ மரத்துக்கும் பலாவுக்கும் சொல்லிலும் உறவு இல்லை, குடும்பத்திலும் இல்லை.

---

கெடிலக்கரை:

தெளிவாகிவிட்டது, நன்றி. ஒரு சந்தேகம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியது 1690. அன்றிலிருந்து இங்கேயே இருந்தவர்கள், ஊரெல்லாம் பலா என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஏன் ஜாக் என்றார்கள்?

---

சொல்வேர்:

பழத்தை முதலில் எங்கே பார்த்தார்கள் என்பதைவிடப் பெயரை யாரிடம் முதலில் வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. கரையோரத் துறைமுகங்களில் அன்றைக்கு வியாபாரப் பொதுமொழி போர்த்துகீசியம்தான். துபாஷிகளும் (மொழிபெயர்த்துச் சொன்ன தரகர்கள்) கம்பெனிக்காரர்களும் அதில்தான் பாதிப் பேச்சு பேசினார்கள். பெயர் கையில் இருக்கும்போது இன்னொன்றைத் தேட மாட்டார்கள். மாம்பழமும் தேக்கும் அதே வழியில்தான் போயின. பிச்சாவரத்துக் கண்டல் காட்டுக்கு உள்ள ‘மாங்ரோவ்’ என்ற ஆங்கிலப் பெயரும் அப்படித்தான், ஆனால் அது மாங்காயோடு சேர்ந்தது அல்ல. போர்த்துகீசிய ‘மாங்கே’, ஸ்பானிய ‘மாங்ளே’ என்ற சொல். கடைசியில் தோப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். ஜாக்குக்கு ஆள்பெயர்ச் சட்டை, இதற்குத் தோப்புச் சட்டை.

---

வெள்ளவாரி (புதுச்சேரி):

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தேக்கு: மலையாளத் தேக்கு, போர்த்துகீசியத் தேக்கா, ஆங்கிலத் தீக். தாவரவியல் பெயரில் உள்ள டெக்டோனாவும் இதே சொல்லின் லத்தீன் வேடம். தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரே சொல் என்பதால் இங்கே வண்டிப்பாளையத்துக்கு வருத்தம் வராது.

சவுக்கு: ஆங்கிலத்தில் காசுவரினா. மலாய் மொழியில் கசுவாரி என்ற பெரிய பறக்காத பறவை இருக்கிறது; அதன் தொங்கும் இறகு போல இந்த மரத்தின் கிளை இருப்பதால் வந்த பெயர். நாம் இலை என்று நினைப்பது இலை இல்லை, கணுக்கணுவான பச்சைக் குச்சி. ஒன்றை எடுத்துக் கணுவில் இழுத்தால் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றியிருக்கும் பல் மாதிரியான செதில்தான் நிஜ இலை. பிரெஞ்சுக்காரர்கள் ஃபிலாவோ என்பார்கள்.

முந்திரிதான் வம்பு. ‘காஷ்யூ’ என்ற ஆங்கிலப் பெயர் பிரேசிலின் தூப்பி மொழியில் அகஜு, போர்த்துகீசியத்தில் கஜு, அங்கிருந்து ஆங்கிலம். ஹிந்தியின் காஜுவும் அதே. பிரெஞ்சில் ‘அகஜு’ என்று தனியாக நின்றால் இன்றைக்குப் பொதுவாக மகோகனிக் கட்டை என்று பொருள். புதுச்சேரிப் பழைய வீட்டுச் சாமான் பட்டியலில் ‘அகஜு அலமாரி’ என்று இருந்தால் முந்திரிமரத்தில் செய்தது என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், முந்திரிக்கட்டையில் யாரும் அலமாரி அடிப்பது இல்லை.

தமிழ்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. பழைய நூல்களில் முந்திரி, முந்திரிகை என்றால் திராட்சை. மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி திராட்சைதான். பண்ருட்டி வியாபாரி கொச்சிக் கடையில் முந்திரி கேட்டால் திராட்சையை நிறுப்பார்கள், கசுவண்டி என்று கேட்க வேண்டும். அதனால்தான் இங்கே கொடிமுந்திரி, கொட்டைமுந்திரி என்று பிரித்தார்கள். முந்திரி என்றால் 1/320 என்ற பின்னமும் உண்டு, அதை இதில் இழுக்க வேண்டாம். தாவரவியல் பெயரான அனகார்டியம் முன்பு சேங்கொட்டைக்கு இருந்த பெயர். பிறகு முந்திரிக்குப் போனது. சேங்கொட்டையின் தாவரவியல் பெயரில் இரண்டாம் சொல்லாக அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டின் தோட்டு எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும்.

---

கெடிலக்கரை:

பலாப் பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“பலா. ஆங்கிலப் பெயர் ஜாக்: மலையாளச் ‘சக்க’ போர்த்துகீசியத்தில் ‘ஜாக்கா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. பலாவின் உறவுச் சொற்கள்: மலையாளம் ப்லாவு, கன்னடம் ஹலசு, தெலுங்கு பனச. ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டெரோஃபில்லஸ்.”

ஹெட்டெரோஃபில்லஸ் என்றால் வெவ்வேறு இலை என்று போட்டிருக்கிறார்கள். மரத்தில் பார்த்தால் எல்லா இலையும் ஒரே மாதிரி முட்டை வடிவமாகத்தானே இருக்கிறது? பக்கத்தில் புதிதாக நட்ட கன்றில் மட்டும் இலை விரல் விரலாகப் பிளந்திருக்கிறது. நாற்றங்காலில் சீமைப்பலாவை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று பேச்சு.

---

பாகூர்_ஏரி:

கன்றைப் பிடுங்கிவிடாதீர்கள், பலாதான். அந்தப் பிளந்த இலைதான் ஹெட்டெரோஃபில்லஸ். விதையிலிருந்து வந்த இளங்கன்றிலும், பெரிய மரத்தின் அடியில் வெடிக்கும் போத்திலும் இலை இரண்டு மூன்றாகப் பிளந்து வரும். வளர வளர மேலே வருவது முழு இலையாகிவிடும். சீமைப்பலா என்றால் வளர்ந்த மரத்திலும் இலை அகலமாக, ஆழமாகப் பிளந்தே இருக்கும். இன்னொரு சோதனை: சீமைப்பலாவில் நாம் கறிக்கு வாங்கும் ரகத்துக்கு விதை கிடையாது, வேர்ப்போத்து எடுத்துத்தான் நடுவார்கள். உங்கள் கன்றின் அடியில் பலாக்கொட்டையின் மிச்சம் ஒட்டியிருந்தால் பேச்சு முடிந்தது. முதல் சொல் ஆர்ட்டோகார்பஸ், கிரேக்கத்தில் ரொட்டிப்பழம்; அது சீமைப்பலாவைப் பார்த்து வைத்த பெயர், நம்ம பலாவுக்கும் பங்கு கிடைத்தது.

வாசகம் சரி. ‘போனது’க்குப் பதில் ‘வந்தது’ என்று திருத்தினால் மொழிகளின் வரிசை இன்னும் ஒழுங்காகப் படிக்கும், அவ்வளவுதான்.

பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்ட வேண்டாம். எந்த மரத்துக்கும் கூடாது, பலாவுக்கு இரட்டிப்பாகக் கூடாது. ஆணி இறங்கிய இடத்தில் பால் வடிந்து எழுத்தின்மேல் கறுத்துக் காயும். அதோடு பலா காய்ப்பது அடிமரத்திலும் பருத்த கிளையிலும். கண் உயரத்தில் பலகையைக் கட்டினால் பிஞ்சு விடும் முண்டை மூடிவிடுவீர்கள். மூன்றடி தள்ளி, இரும்புக் குழாய் நட்டு அதில் மாட்டுங்கள். மேலே பார்த்து, பழம் தொங்காத பக்கமாக நடுங்கள்.